உழைப்பின் நகரம் – 12: எட்டணாவை யார் கொடுப்பது?

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் மும்பையிலிருந்து இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மத்திய ரயில்வே, தனது மாட்டுங்கா நிலையத்தை முழுக்கப் பெண் ஊழியர்களிடமே ஒப்படைத்தது. நிலைய மேலாளர், டிக்கெட் கவுன்டரில் இருப்பவர்கள், டிக்கெட் பரிசோதகர்கள், தண்டவாளத்தில் பாயின்ட் மாற்றுபவர்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பவர்கள், ரயில்வே பாதுகாப்புப் படையினர் என்று நாற்பது பேர் அளவில் அத்தனை பேரும் பெண்கள். லிம்கா சாதனைப் புத்தகமும் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைப் பதிந்துகொண்டது. அதே மாதம் கல்ச்சர் மெஷின் என்ற மும்பை டிஜிட்டல் ஊடக நிறுவனம், தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கு மாதவிடாயின் முதல் நாளில் சம்பளத்தோடு விடுப்பு என்று அறிவித்தது. எல்லா நிறுவனங்களுக்கும் இதை விரிவுபடுத்தும்படி மத்திய அமைச்சகங்களைக் கேட்டு இணையத்தில் கையெழுத்தும் திரட்டியது. அதற்குச் சில மாதம் முன்புதான் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஊழியர்களை ஈர்க்க அலுவலகத்தில் தூங்கும் அறை, பிறந்தநாள் விடுப்பு, வீட்டிலிருந்தே வேலை என்று நிறுவனங்கள் புதிது புதிதாக முயன்றுகொண்டிருந்த காலம் அது. மாட்டுங்காவையும் மாதவிடாய் விடுப்பையும் அந்த வரிசையில் வைத்தே பத்திரிகைகள் எழுதின.

ஆனால் இவற்றை அந்த வரிசையில் சேர்த்தால் விஷயத்தின் உயிர்நாடி பிடிபடாது. சென்ற அத்தியாயத்தில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பிறந்த கதையைப் பார்த்தோம். தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் 1890 ஏப்ரல் 24 அன்று மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் பத்தாயிரம் ஆலைத் தொழிலாளர்கள் கூடினார்கள். அங்கே பேசியவர்களில் இரண்டு பெண்களும் உண்டு. அந்த ஜூன் மாதமே ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. ஞாயிறு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதைக் காரணம் காட்டி ஒருவரை எடுத்து இன்னொருவரை ஒதுக்க முடியாது. பெண்ணுக்கு மட்டுமே தேவைப்படும் ஓய்வுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பிள்ளைப்பேறு விடுப்போ, குழந்தைக் காப்பகமோ, மாதவிடாய் விடுப்போ, எதுவானாலும் அதற்கான செலவை அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்த முதலாளி மட்டுமே சுமந்தால், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவர் ஆணைத் தேடுவார். அந்தச் செலவை எல்லோர் மீதும் பரப்பினால்தான் சலுகையும் நிலைக்கும், வேலையும் நிலைக்கும். மும்பையின் நூறாண்டு அனுபவம் இதற்குச் சாட்சி. வேறு எந்த இந்திய நகரத்திலும் இந்தப் பரிசோதனை இவ்வளவு நீளமாக, இவ்வளவு வெளிப்படையாக நடக்கவில்லை.

1920களில் மும்பைப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். அவர்களில் பெரும்பாலோர் இரண்டே பிரிவுகளில் இருந்தார்கள்: நூல் சுற்றும் வைண்டிங், சிட்டா நூல் போடும் ரீலிங். கூலி பீஸ் கணக்கு. கை ஓய்ந்தால் காசு இல்லை. நிறைமாதம் வரை நின்று வேலை பார்த்துவிட்டு, பிள்ளை பெற்ற சில வாரங்களில் திரும்பி வருவதே வழக்கம். ஊருக்குப் போய்ப் பிள்ளை பெற்றவர்கள் திரும்பும்போது அந்த இடத்தில் வேறொருத்தி நின்றிருப்பாள். கைக்குழந்தையை என்ன செய்வது? 1920களின் தொடக்கத்தில் ஆலைப் பெண்களின் நிலையை ஆராய பம்பாய் அரசு டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவரை நியமித்தது. ஆலைத் தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்படுகிறது என்று அவர் எழுதினார். பாலகோலி என்ற பெயரில் கடைகளில் விற்ற சிறு உருண்டை அது. அதைக் கொடுத்தால் தாய் ஷிப்டு முடிந்து வரும்வரை குழந்தை அழாமல் தூங்கும். இதைத் தாயின் அறியாமை என்று தள்ளிவிடுபவர்கள் அன்றும் இருந்தார்கள். சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி, பத்து மணி நேரம் வெளியே நிற்க வேண்டிய ஒருத்திக்கு எஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான் என்பதை டாக்டர் பார்ன்ஸின் பணி தெளிவாக்கியது.

இதற்கு முதல் மருந்து முதலாளிகளிடமிருந்தே வந்தது. ஒன்றிரண்டு ஆலைக் குழுமங்கள் சட்டம் எதுவும் கேட்காமலே குழந்தைக் காப்பகம் திறந்தன. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் உதவித்தொகையும் கொடுத்தன. அன்றைய கண்ணுக்கு அவை விசித்திரமான முயற்சிகள். அவற்றின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தானாகக் கொடுப்பது எந்த நேரமும் நின்றுபோகலாம். பக்கத்து ஆலை கொடுக்காவிட்டால் கொடுப்பவருக்கு மட்டும் செலவு கூடும். அதனால் அது பரவவில்லை. மும்பையின் பெரும்பாலான ஆலைப் பெண்களுக்கு அது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே.

சட்டம் தேவை என்று முதலில் முயன்றவர் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி. 1924இல் மத்திய சட்டசபையில் அவர் கொண்டுவந்த மகப்பேறு உதவி மசோதா தோற்றது. பின்னர் பம்பாய் சட்டமன்றத்தில் ஆர்.எஸ். அசாவ்லே அதே நோக்கத்தோடு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1928 ஜூலை 28 அன்று அதை ஆதரித்துப் பேசியவர் டாக்டர் அம்பேத்கர். அந்தப் பேச்சை இன்று பலரும் மகப்பேறு விடுப்பை ஆதரித்த பேச்சாக மட்டுமே நினைவுகூர்கிறார்கள். அதில் இன்னொரு நுட்பமும் இருந்தது. பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே இந்தச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதை அவர் அங்கே ஒப்புக்கொண்டார். அரசு ஏற்காத நிலையில், பெண்களை வேலைக்கு வைத்து ஆதாயம் பெறும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லி மசோதாவைத் தாங்கிப் பிடித்தார். அரசு தன் பங்கை எடுக்கவில்லை. 1929இல் நிறைவேறிய பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். பேற்றுக்கு முன்னும் பின்னுமாக ஏழு வாரம், நாளுக்கு எட்டணா. மொத்தம் 24 ரூபாய் 8 அணா. அதை முழுக்க அந்த ஆலையின் முதலாளியே கொடுக்க வேண்டும்.

எட்டணா யார் பையிலிருந்து வரவேண்டும் என்பதில்தான் வரலாறு திரும்பியது. சட்டம் வந்த பிறகு மும்பை ஆலைகளில் பெண்களின் பங்கு ஏறவே இல்லை. 1930களிலிருந்து இறங்கத் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு வேகமாகச் சரிந்து, 1970களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்ற இடத்துக்கு வந்தது. பாதுகாப்புச் சட்டங்களை எதிர்ப்பவர்கள் அன்றும் இன்றும் எடுத்துக் காட்டும் உதாரணம் இது: சலுகை கேட்டீர்கள், வேலை போயிற்று. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நியாயமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெண்கள் நிறைந்திருந்த ரீலிங் பிரிவு அந்தச் சட்டம் வருமுன்பே தேயத் தொடங்கிவிட்டது. மும்பையின் சிட்டா நூலுக்குச் சீனம் பெரிய சந்தையாக இருந்தது. ஜப்பானியப் போட்டியில் அந்தச் சந்தை கைநழுவிப் போனது. நூலை விற்றுவந்த ஆலைகள் அதைத் தாங்களே துணியாக நெய்யத் தொடங்கின. வைண்டிங்கில் வேகமான இயந்திரங்கள் வந்து ஆள் தேவையைக் குறைத்தன. இரவு ஷிப்டு பரவியபோது, பெண்கள் இரவில் வேலை பார்க்கக்கூடாது என்று 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தொடர்ந்த தடை, மூன்று ஷிப்டுக்கும் மாற்றிப் போடக்கூடிய ஆணை முதலாளிக்கு வசதியாக்கியது. ஆகவே எட்டணாதான் பெண்களை வெளியேற்றியது என்பது மிகை. ஒரு பெண் ஆண்டுதோறும் பிள்ளை பெறுவதில்லை. ஆலையின் மொத்தக் கூலியில் இந்தத் தொகை சிறியது. ஆனாலும் அதற்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் உண்மையாகாது. இயந்திரத்தை மாற்றும்போதும் ஷிப்டைக் கூட்டும்போதும் யாரை வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்த ஒவ்வொரு முறையும், பெண் என்றால் கூடுதல் செலவு என்ற கணக்கு முதலாளியின் மேசையில் இருந்தது. அந்தக் கணக்கை எழுதி வைத்தது, செலவைத் தனி முதலாளி மேல் போட்ட அந்தச் சட்டத்தின் அமைப்பு. குறை சலுகையில் இல்லை, பணம் வந்த வழியில் இருந்தது.

குழந்தைக் காப்பகச் சட்டத்தில் இதே பிழை இன்னும் கண்கூடாகத் தெரியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணை முப்பதாகக் குறைத்தார்கள். நோக்கம் இன்னும் பலருக்குக் காப்பகம் கிடைக்க வேண்டும் என்பது. ஆனால் எண்ணப்படுவது பெண் தலை என்றால், முப்பதாவது பெண்ணோடு நிறுத்திக்கொள்ளும் ஆசையைச் சட்டமே முதலாளிக்கு ஊட்டுகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த ஓரிடத்தில் பாடம் கற்றிருந்தது: ஐம்பது ஊழியர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது, அவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ஒரு சொல்லை மாற்றியதில், பெண்ணை எடுத்தால் காப்பகச் செலவு வரும் என்ற கணக்கு மறைந்தது. இதைவிட முக்கியமான வரி அந்தத் திருத்தத்தில் இல்லை என்பது என் கருத்து. 26 வாரத்தைப் பற்றிப் பேசியவர்களில் பலர் இதைக் கவனிக்காமல் போனார்கள்.

அம்பேத்கர் 1928இல் தொட்டுச் சென்ற வழியை முழு அளவில் வகுத்தவர் பி.பி. அடார்கர் என்ற பொருளியல் பேராசிரியர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையை வைத்திருந்த காலத்தில், 1943இல் அடார்கரிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அறிக்கை வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் எல்லோரும் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, சில ஆண்டுகளில் மும்பைக்கும் வந்தது. அதன் கணக்கு முற்றிலும் வேறு. முதலாளி தன் ஊழியர் அத்தனை பேரின் கூலியிலும் குறிப்பிட்ட விகிதத்தைப் பொது நிதிக்குக் கட்டுகிறார். ஊழியரும் சிறு பங்கு கட்டுகிறார். 2019 முதல் அது முதலாளிக்கு 3.25, ஊழியருக்கு 0.75 சதவீதம். பிள்ளைப்பேற்று உதவி அந்த நிதியிலிருந்து வருகிறது. நூறு ஆண்களை வைத்திருப்பவரும் நூறு பெண்களை வைத்திருப்பவரும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார்கள். பெண் தொழிலாளி முதலாளிக்குக் கூடுதல் செலவு என்ற கணக்கு அங்கே எழாது. இத்தனை நேர்த்தியான ஏற்பாடு நம் நாட்டிலேயே எழுபது ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருக்கிறது. கொள்கை அளவில் அதைத் தாண்டித் தீர்வு தேட வேண்டியதே இல்லை.

பிறகு ஏன் பிரச்சினை தீரவில்லை? ஈ.எஸ்.ஐ. எட்டிய இடம் சிறியது. பத்து பேருக்குக் குறைவான பட்டறை அதற்கு வெளியே. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் வெளியே; அவருக்கு மகப்பேறு விடுப்பு பற்றிய சட்ட விதிகள் பொருந்தும், அங்கே மறுபடியும் முழுச் செலவும் முதலாளியுடையது. மும்பையின் செம்பூர்ப் பக்கம் பார்த்தால் இது இன்னொரு விதமாகத் தெரியும். 1950களில் டிராம்பே, மாகுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அடுத்து உர ஆலையும் அணுசக்தி நிலையமும் வந்தன. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, கேன்டீன் என்று தொழிலாளர் நலன் செழித்த வளாகங்கள் அங்கே எழுந்தன. 1936இல் நாக்பாடாவில் பிறந்த டாடா சமூகப்பணிப் பள்ளி, டாடா சமூக அறிவியல் கழகமாகி 1954இல் செம்பூரை ஒட்டிய தேவ்னாருக்குக் குடிபெயர்ந்தது. ஐந்நூறோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதால், அங்கே பயின்றவர்களுக்கு நாடெங்கும் வேலை காத்திருந்தது. ஆனால் இந்தச் செழிப்பு இருந்த ஆலைகளின் உற்பத்திக் கூடங்களில் பெண்கள் மிகக் குறைவு. நலத்திட்டம் அதிகமான இடத்தில் பெண் இல்லை. பெண் அதிகமான இடத்தில் நலத்திட்டம் இல்லை.

இப்போது மாதவிடாய் விடுப்புக்கு வருவோம். கல்ச்சர் மெஷின் இதைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வது சரியல்ல. பீகார் அரசு 1992இலேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு கொடுத்துவிட்டது. ஜப்பானில் 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இது உண்டு. 2025இல் கர்நாடகம் ஆண்டுக்கு 12 நாள் என்று அறிவித்தது. மும்பை நிறுவனத்தின் பங்கு, நாடெங்கும் இதைப் பேசவைத்தது. உடனே எழுந்த எதிர்ப்புகளில் பலமானது இரண்டு. ஒன்று, பெண்ணைப் பலவீனமானவளாகக் காட்டும், வீட்டுக்கு விலக்கு என்று ஒதுக்கிவைத்த பழைய வழக்கத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவரும் என்பது. ஆனால் ஒதுக்கிவைப்பதில் பெண்ணின் விருப்பத்துக்கு இடமில்லை. விடுப்பை அவள் கேட்டால்தான் எடுக்கிறாள், வேண்டாமென்றால் வேலைக்கு வருகிறாள். வலியில் இருப்பவரை வலியில்லாதவர் போல நடிக்கவைப்பது சமத்துவம் ஆகாது. பெண்களிலேயே பலர் இந்த விடுப்பை வேண்டாம் என்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய அச்சம் பெரும்பாலும் இரண்டாவது எதிர்ப்பிலிருந்து வருவது.

அந்த இரண்டாவது எதிர்ப்பு நமக்கு ஏற்கெனவே பழக்கமானது: இப்படி விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே இந்தக் கவலையைச் சொல்லி, இது அரசு முடிவு செய்ய வேண்டிய கொள்கை என்று அனுப்பிவைத்தது. மும்பை ஆலைகளின் கதை தெரிந்த யாரும் இந்தக் கவலையை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்தக் கதையின் முழுப் பாடம் விடுப்பைக் கைவிடு என்பதாக இல்லை. செலவைப் பரப்பு என்பதாக இருக்கிறது. ஜப்பானில் சட்டம் விடுப்பைக் கொடுத்தது, அதற்குச் சம்பளம் கட்டாயம் என்று சொல்லவில்லை. 1965இல் நூற்றுக்கு 26 பெண்கள் எடுத்த விடுப்பை 2010களில் நூற்றுக்கு ஒருவர்கூட எடுக்கவில்லை. ஸ்பெயின் 2023இல் சட்டம் இயற்றியபோது, மருத்துவர் சான்றளித்த கடும் மாதவிடாய் வலிக்கான விடுப்பின் சம்பளத்தை முதல் நாளிலிருந்தே அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி கொடுக்கும் என்று எழுதிவைத்தது. அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் சொன்னது அங்கே சட்டமாகியிருக்கிறது. கர்நாடகத்தின் 12 நாளோ முதலாளியின் செலவிலேயே நிற்கிறது. நோக்கம் நல்லது, அமைப்பு 1929ஆம் ஆண்டுடையது.

விடுப்பு கொடுக்காமல் விட்டால் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பங்கள் முகாதம் எனப்படும் ஆள் திரட்டும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகின்றன. ஒரு நாள் வேலை தவறினால் அபராதம். மாதவிடாய்த் தொல்லையில் நாள் தவறாமல் இருப்பதற்காகக் கருப்பையையே எடுத்துக்கொண்ட பெண்களைப் பற்றி 2019இல் செய்திகள் வந்தன. மாநில அரசு அமைத்த குழு 82,000க்கு மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களை விசாரித்தது. 13,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. அதே ஆண்டு, தமிழ்நாட்டின் நூற்பாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் மாதவிடாய் வலியோடு வேலை பார்க்கும் பெண்களுக்குப் பெயர்ச்சீட்டே இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதை ஒரு சர்வதேசச் செய்தி நிறுவனம், சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொண்டு வந்தது. 1922இல் குழந்தைக்கு அபின். 2019இல் தாய்க்குப் பெயர் தெரியாத மாத்திரை. ஓய்வுக்குச் சமூகம் பணம் கட்டாதபோது செலவு மறைந்துபோகவில்லை. அது பெண்ணின் உடம்பிலிருந்து வசூலிக்கப்பட்டது. இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் விடுப்பின் விலையைப் பேசுவது நேர்மை ஆகாது.

மாட்டுங்கா நிலையத்துக்கும் தாராவிக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான். ரயில்வேயில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு. அதற்கு மேல் பணிக்காலம் முழுவதிலுமாகப் பிள்ளை வளர்ப்புக்கென 730 நாள். 2008இல் ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையால் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்தது இது. இத்தனை விடுப்புக்குப் பிறகும் ரயில்வே ஒரு நிலையத்தையே பெண்களிடம் ஒப்படைக்க முடிந்தது. காரணம், அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் அந்தச் செலவு மாட்டுங்கா நிலையத்தின் கணக்கில் வராது; நாடெங்கும் பரவிய ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கில் கரைந்துவிடும். பெண்கள் இரவில் வேலை பார்ப்பதும் அங்கே சிக்கலாகவில்லை. ஆலைகளில் பெண்ணைக் காப்பதாகச் சொல்லி அவள் வேலையைப் பறித்த இரவுத் தடையை, தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் நீக்கியது. அதுவும் இந்த வரலாற்றின் ஒரு திருப்பம்.

தாராவியில் நிலைமை தலைகீழ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள் வேர்விட்ட ஊர் அது. பதனிடும் தொழில் வெளியேறிய பிறகும் தோல் பொருட்கள், தையல், பிளாஸ்டிக் மறுசுழற்சி, மண்பாண்டம், பலகாரம் என்று ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் அங்கே இயங்குகின்றன. விடியுமுன் மாவரைத்து இட்லி அவித்து ஆண்களின் சைக்கிளில் ஏற்றி அனுப்பும் பெண்ணுக்கும், வீட்டிலேயே பீஸ் கணக்கில் நூல் வெட்டும் பெண்ணுக்கும் முதலாளி யார்? வருகைப் பதிவேடு ஏது? ஆகவே இங்கே எந்தத் திட்டமும் செல்லாது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த எதிர்ப்பு முதலாளி வழியாகத்தான் உதவி போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எழுவது. கட்டடத் தொழிலில் இதே சிக்கல் இருந்தது. மேஸ்திரி மாறிக்கொண்டே இருப்பார். 1996ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே முதலாளியைத் தேடவில்லை; கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தைத் தீர்வையாக வாங்கி நல வாரியத்தில் சேர்த்தது. மும்பையின் கட்டட வேலையிடங்களில் 1972 முதல் நடமாடும் குழந்தைக் காப்பகங்கள் இயங்கிவருவதும், வேலையிடம் நிலையில்லாதது என்பதற்காகக் குழந்தையைக் கைவிட வேண்டியதில்லை என்பதைக் காட்டிய அனுபவம்தான். தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, வேலை எங்கே என்று கேட்பதில்லை. ஏழைத் தாயா என்று கேட்கிறது. 300 ரூபாயில் தொடங்கிய அந்த உதவி இன்று 18,000 ரூபாய். அரசுக்கு இதைத் தாங்க முடியாது என்ற வாதத்துக்கு ஒரு மாநில அரசின் முப்பது ஆண்டுக்கும் மேலான வரவு செலவே பதில்.

அரசு கொடுத்தால் முதலாளி பொறுப்பிலிருந்து தப்பித்துவிடுவார் என்ற கவலை தொழிற்சங்கங்களிடம் உண்டு. அது நியாயமான கவலை. ஈ.எஸ்.ஐ.யில் முதலாளி தப்பிக்கவில்லை. அவர் கட்டுகிறார், ஆனால் பெண்ணை எடுத்ததற்காகக் கட்டவில்லை, ஆள் வைத்துத் தொழில் நடத்துவதற்காகக் கட்டுகிறார். பொறுப்பு இருக்க வேண்டிய இடமும் அதுதான். 26 வார விடுப்பின் சம்பளத்தையும், வரப்போகும் எந்த மாதவிடாய் விடுப்பின் சம்பளத்தையும் இப்படியொரு பொது நிதிக்கு மாற்றுவதுதான் இன்று செய்ய வேண்டிய வேலை. நிறுவனங்கள் தாமாக முன்வந்து கொடுக்கும் விடுப்பை வரவேற்போம். ஆனால் அது பரவும் என்று காத்திருந்து மும்பைப் பெண்கள் ஒரு தலைமுறையை இழந்தார்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, வேறு மகப்பேறு உதவி பெறாத ஒவ்வொரு தாய்க்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. 2017இல் நாடெங்கும் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதல் பிள்ளைக்குக் கொடுப்பது ஐயாயிரம்; மருத்துவமனைப் பேற்றுக்கான தனி உதவியையும் சேர்த்தால் சராசரியாக ஆறாயிரம் ஆகிவிடும் என்பது அரசின் விளக்கம். தாராவியில் இட்லி அவிக்கும் பெண்ணுக்கு முதல் பிள்ளைக்கென இன்று கிடைப்பது அவ்வளவுதான்.

(தொடரும்)